சம்பள வங்கியே கூப்பிட்டுக் கொடுக்கும் கார்டை வாங்கலாமா?

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 38,000 ரூபாய். மூன்று வருடமாக ஒரே வங்கியில்தான் சம்பளம் ஏறுகிறது. அந்த வங்கியின் ஆப்பைத் திறந்தாலே, ‘உங்களுக்காக ப்ரீ-அப்ரூவ்டு கிரெடிட் கார்டு, லிமிட் 1,80,000 ரூபாய், லைஃப்டைம் ஃப்ரீ, சலுகை மூன்று நாளில் முடிகிறது’ என்று வருகிறது. முடிந்த பிறகும் திரும்ப வருகிறது. போன வாரம் வேறொரு வங்கியின் பெயரைச் சொல்லி ஒரு பெண் போனில் பேசினார். வேலை மும்முரத்தில் ‘சரி, அனுப்புங்க’ என்று சொல்லிவிட்டேன். பான் எண்ணும் பிறந்த தேதியும் கேட்டார், கொடுத்தேன். ஓடிபி வந்தது. அதற்குள் மேனேஜர் கூப்பிட்டதால் அதைச் சொல்லவில்லை. ஸ்கூட்டர் லோன் மாதம் 3,800 வீதம் இன்னும் ஐந்து தவணை பாக்கி. வங்கியில் நகைக் கடன் 60,000 இருக்கிறது, வருடா வருடம் வட்டி கட்டிப் புதுப்பிக்கிறேன். மாசக் கடைசியில் கொஞ்சம் இழுபறிதான். இரண்டு வருடத்தில் வீட்டுக் கடன் வாங்க எண்ணம். ‘கார்டு இருந்தால்தான் சிபில் ஏறும், வாங்கிக்கோ’ என்கிறார் கணவர். ‘கார்டு உள்ளே வந்தா நான் வெளியே போயிடுவேன்’ என்கிறார் அப்பா. 2006 வாக்கில் கேட்காமலே வந்த ஒரு கார்டால் பட்டவர் அவர். யார் சொல்வது சரி? போனில் சரி சொன்னது வினையாகுமா?

– வாசகி, திருப்பூர்

பதில்:

முதலில் அந்தப் போன் விஷயத்தை முடித்துவிடலாம், அதற்குத்தான் அவசரம்.

வாயால் ‘சரி’ சொன்னதை வைத்து எந்த வங்கியும் உங்கள் பெயரில் கார்டு கொடுக்க முடியாது. எழுத்து மூலமாகவோ, ஓடிபி போன்ற சரிபார்ப்போடு டிஜிட்டல் முறையிலோ உங்கள் வெளிப்படையான சம்மதம் வேண்டும். நீங்கள் ஓடிபி சொல்லாதது நல்லதாகப் போயிற்று. அந்த எஸ்எம்எஸ் போனில் இருந்தால் எடுத்து முழுதாகப் படியுங்கள். எதற்கான ஓடிபி என்று அதிலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும். கார்டு விண்ணப்பத்துக்கா, உங்கள் கடன் அறிக்கையை (நீங்கள் வாங்கிய கடன்களும் அவற்றைக் கட்டிய விதமும் பதிவாகும் சிபில் போன்ற நிறுவனங்களின் அறிக்கை) பார்க்க அனுமதியா, அல்லது உங்கள் வங்கிக் கணக்கில் ஏதோ பணப் பரிமாற்றத்துக்கா? கடைசியாகச் சொன்னதாக இருந்தால் பேசியது வங்கி ஆள் இல்லை. உங்கள் வங்கியின் வாடிக்கையாளர் எண்ணுக்கு உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள், நெட் பேங்கிங் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பணம் ஏதாவது போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் அன்றைக்கே புகார் கொடுங்கள். அந்த எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் ‘கார்டு ஆப்’ என்று ஏதாவது ஃபைல் வந்தால் தொடவே வேண்டாம். வங்கியின் ஆப் ப்ளே ஸ்டோரில்தான் கிடைக்கும், வாட்ஸ்அப்பில் வராது.

உண்மையிலேயே வங்கி ஆள்தான் என்றால் கார்டு வருமா? ஓடிபி இல்லாமல் விண்ணப்பம் நகர்ந்திருக்க வாய்ப்பு குறைவு. ஒருவேளை வந்தே விட்டாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஆக்டிவேட் செய்யாமல் வைத்தால் போதும். கார்டு கொடுத்து 30 நாளுக்கு மேல் ஆகியும் ஆக்டிவேட் ஆகவில்லை என்றால், வங்கி ஓடிபி மூலம் உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். நீங்கள் தரவில்லை என்றால், கேட்ட நாளிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் எந்தக் கட்டணமும் இல்லாமல் அந்தக் கணக்கை மூட வேண்டும். 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கிரெடிட் கார்டு விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. அதனால் அந்த ஓடிபி கேட்டு யாராவது கூப்பிட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். ‘கேன்சல் பண்ணத்தான் மேடம் ஓடிபி கேட்கிறோம்’ என்பார்கள். அதற்கும் கொடுக்க வேண்டாம்.

சரி, இப்போது அப்பா. அவர் பயம் வெறும் பழைய காலத்துப் பயம் இல்லை. அந்த நாட்களில் கார்டு தபாலில் வரும், பின்னாலேயே ஆண்டுக் கட்டணம் வரும், அது கட்டப்படாமல் வட்டி ஏறும், அதற்கும் பின்னால் வசூல் ஆள் வாசலில் நிற்பார். கேட்காமல் கார்டு கொடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2005லேயே சொல்லிவிட்டது. சொன்னதற்கும் நடந்ததற்கும் நடுவில் உங்கள் அப்பா போன்ற பலர் மாட்டிக்கொண்டார்கள். இன்றைக்குக் கேட்காத கார்டை உங்கள் சம்மதமில்லாமல் ஆக்டிவேட் செய்து பில் போட்டால், வங்கி அந்தத் தொகையைத் திருப்புவதோடு அதைப் போல இரண்டு மடங்கை அபராதமாகவும் உங்களுக்குத் தர வேண்டும். அதாவது அப்பாவுக்கு நடந்தது உங்களுக்கும் அப்படியே நடக்க வாய்ப்பு குறைவு. இதை அவரிடம் சொல்லுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். ஆனால் கேட்டு வாங்கிய கார்டில் விழுந்தவர்களுக்கு இந்த விதி எதுவும் கை கொடுக்காது. இன்றைக்கு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான்.

ஆப்பில் உங்களைத் துரத்தும் அந்தச் சலுகைக்கு வருவோம். வங்கியில் கடன் பிரிவில் வேலை பார்த்தபோது இந்தப் பட்டியல்கள் எப்படித் தயாராகின்றன என்று பார்த்திருக்கிறேன். தலைமை அலுவலகத்தில் கணினி வடிகட்டும். மாதாமாதம் சம்பளம் வருகிறதா, கணக்கில் சராசரியாக எவ்வளவு நிற்கிறது, தவணை எதுவும் தவறியிருக்கிறதா, இவ்வளவுதான். பெயர் வந்ததும் கிளைக்கு இலக்கு வரும். மாசக் கடைசியில் கிளையில் இருப்பவர் உங்களைக் கூப்பிட்டு உருகுவதற்குக் காரணம் அந்த இலக்கு. இந்த வடிகட்டலில் இல்லாத ஒன்று: உங்கள் வீட்டுச் செலவு. சீட்டு எவ்வளவு கட்டுகிறீர்கள், அப்பாவின் மருந்துக்கு எவ்வளவு போகிறது, கணவரின் வருமானம் சீராக வருகிறதா, எதுவும் கணினிக்குத் தெரியாது. 1,80,000 என்ற லிமிட் உங்கள் சம்பளத்தைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. உங்களால் தாங்க முடியும் என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டு வந்த எண் இல்லை அது. கொடுத்தால் வங்கிக்கு நஷ்டம் வராது என்று கணித்த எண்.

மூன்று நாள் கெடுவை மறந்துவிடுங்கள். நீங்களே சொல்லிவிட்டீர்கள், முடிந்த பிறகும் வருகிறது என்று. சம்பளம் அந்தக் கணக்கில் ஏறும் வரை வந்துகொண்டே இருக்கும். இன்று வேண்டாம் என்றால் நாளைக்குக் கேட்கும்போது தரமாட்டார்களோ என்று நினைக்க வேண்டாம். சலுகையை நிராகரித்தது கடன் அறிக்கையில் ஏறாது. ஏறுவது விண்ணப்பம்தான். ‘இப்போதே பெறுக’ என்பதை அழுத்தி நிபந்தனைகளை ஒப்புக்கொண்டதும் வங்கி உங்கள் கடன் அறிக்கையைக் கேட்டுப் பார்க்கும், அது ஒரு விசாரணையாகப் பதிவாகும். ஒன்றிரண்டு பதிவால் பெரிதாக எதுவும் குறையாது. நாலைந்து இடத்தில் அடுத்தடுத்து அழுத்தினால் பணத்துக்கு அலைகிற ஆள் போலத் தெரியும். இன்னொன்று, இத்தனை தூரம் அழைத்துவிட்டுக் கடைசி நேரத்தில் நிராகரிப்பதும் உண்டு. முன் அனுமதி என்பது ஆவணச் சரிபார்ப்புக்கு உட்பட்டதுதான். அப்படி நிராகரித்தால் குறிப்பான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பதும் விதி. கேட்டு வாங்குங்கள்.

லைஃப்டைம் ஃப்ரீ என்றால் ஆண்டுக் கட்டணமும் சேர்க்கைக் கட்டணமும் இல்லை, அவ்வளவுதான். ஏடிஎம்மில் அந்தக் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் வழக்கமாக 2.5 சதவீதம் அளவில் கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி. தாமதக் கட்டணம் தனி. எல்லாக் கட்டணத்துக்கும் வட்டிக்கும் 18 சதவீதம் ஜிஎஸ்டி. கார்டோடு சேர்த்து ‘கார்டு பாதுகாப்புத் திட்டம்’, காப்பீடு என்று எதையாவது ஒட்டி விற்பார்கள். அதற்கும் தனியாக உங்கள் சம்மதம் வேண்டும், ஏற்கெனவே டிக் செய்த கட்டத்தைச் சம்மதம் என்று விட்டுவிடாமல் எடுத்துவிடுங்கள்.

இப்போது வட்டி. இதில்தான் படித்தவர்களே ஏமாறுகிறார்கள், நீங்கள் கணக்குப் பிரிவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். மாதம் 3.5 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். வருடத்துக்கு 42. உங்கள் பில் தேதி 5, கட்ட வேண்டிய கடைசி தேதி 25 என்று வைத்துக்கொள்வோம். மே 8ஆம் தேதி 30,000 ரூபாய்க்கு ஒரு ஃப்ரிட்ஜ் வாங்குகிறீர்கள். ஜூன் 5இல் பில் வருகிறது. ஜூன் 25இல் 29,000 கட்டிவிட்டு, ‘ஆயிரம்தானே பாக்கி, அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்று விடுகிறீர்கள். ஆயிரத்துக்கு மட்டும் வட்டி போடுவார்கள் என்றுதான் யாரும் நினைப்போம். பெரும்பாலான கார்டுகளின் நிபந்தனைப்படி, முழுத் தொகை கட்டாத மாதத்தில் வட்டியில்லாச் சலுகையே போய்விடும். வாங்கிய நாளிலிருந்து கட்டிய நாள் வரை 48 நாளுக்கு, முழு 30,000க்கும் வட்டி. 1,657 ரூபாய் வரும். ஜிஎஸ்டி 298. ஆயிரம் ரூபாயைப் பாக்கி வைத்ததற்கு ஏறக்குறைய 1,950 ரூபாய். அதோடு, அடுத்த மாதம் நீங்கள் வாங்கும் மளிகைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், பழைய பாக்கி தீரும் வரை.

‘மினிமம் ட்யூ’, அதாவது பில்லில் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போவது இன்னும் மோசம். 50,000 நிலுவைக்கு மாத வட்டி 1,750, ஜிஎஸ்டி 315, ஆக 2,065. நீங்கள் 2,500 கட்டினால் அசலில் கழிவது 435 ரூபாய்.

இந்த வட்டிக்கு உச்சவரம்பு எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்துவிட்டது. வட்டியை முறைப்படுத்துவது ரிசர்வ் வங்கியின் வேலை என்பது தீர்ப்பின் சாரம். அதனால் 42, 45 சதவீதம் எல்லாம் இன்று சட்டப்படியே நடக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றி இப்போது பேச வேண்டும். வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்து வரும் நகைக் கடன். நகைக் கடன் தப்பில்லை. வங்கியில் என்றால் வட்டி 9, 10 சதவீதம் அளவில்தான் இருக்கும், கார்டு வட்டியில் கால் பங்கு. எனக்கு உறுத்துவது அசல் அசையாமல் நிற்பது. அசலைப் பெரிதாகத் தொடாமல் வட்டியே கட்டிக்கொண்டு போவதைத்தான் கார்டில் மினிமம் ட்யூ என்கிறார்கள். மாசக் கடைசியில் இழுபறி என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். இருபதாம் தேதிக்கு மேல் கை கடிக்கும் வீட்டில் கார்டு நுழைந்தால் முதல் மாதமே அந்தப் பள்ளத்தை அது நிரப்பும். இரண்டாம் மாதம் சம்பளம் வந்ததும் பாதி பில்லுக்குப் போகும், இருபதாம் தேதிக்கு முன்பே மறுபடி கை கடிக்கும். ஊதாரிகள்தான் கார்டில் மாட்டுவார்கள் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. நான் பார்த்தவரை மாட்டியவர்கள் பலரும் சிக்கனக்காரர்கள். பள்ளிக் கட்டணத்தையும் ஆஸ்பத்திரிச் செலவையும் கார்டில் போட்டவர்கள்.

இப்போது ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துக்கொள்ளும் வசதியும் 2022இலிருந்து இருக்கிறது. முன்பு கார்டு என்றால் பெரிய கடைக்கு மட்டும்தான். இப்போது பேக்கரியில் டீ குடித்தாலும் அதே ஸ்கேன், எது உங்கள் பணம், எது கடன் என்று கைக்குத் தெரியாது. வசதிதான், மறுக்கவில்லை. உங்கள் நிலைமையில் இருப்பவருக்கு வேண்டாத வசதி.

அதனால் என் ஆலோசனை: இப்போதைக்கு இரண்டு கார்டும் வேண்டாம். ஆப்பில் வரும் சலுகையை விட்டுவிடுங்கள்.

கணவர் சொன்ன சிபில் விஷயம்? அதில் நியாயம் இருக்கிறது, ஆனால் உங்களுக்குப் பொருந்தாது. எந்தக் கடனுமே வாங்காதவருக்குக் கடன் வரலாறே இருக்காது. அவருக்கு ஒரு கார்டை வாங்கி, சின்னச் செலவு செய்து, மாதாமாதம் முழுதும் கட்டி வந்தால் பலன் உண்டு. உங்களுக்கு ஸ்கூட்டர் லோன் இருக்கிறது. அதன் ஒவ்வொரு தவணையும் ஏற்கெனவே கடன் அறிக்கையில் ஏறிக்கொண்டிருக்கிறது. நகைக் கடனும் ஏறும். யூகிக்க வேண்டாம், பார்த்துவிடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அவர்களுடைய சொந்த இணையதளத்திலேயே எடுங்கள், நடுவில் வேறு ஆப் வேண்டாம், அதுவும் உங்களுக்குக் கார்டு விற்கும். மதிப்பெண் 300இலிருந்து 900 வரை. 750க்கு மேல் இருந்தால் வீட்டுக் கடன் வாசலில் மதிப்பெண்ணால் நிற்க மாட்டீர்கள். போனில் பேசிய அந்த வங்கி உங்கள் பெயரில் விசாரணை போட்டிருக்கிறதா என்பதும் அதே அறிக்கையில் தெரிந்துவிடும். சம்மதம் இல்லாமல் போட்டிருந்தால் அந்த நிறுவனத்திடமும் வங்கியிடமும் புகார் செய்யலாம். 30 நாளுக்குள் சரிசெய்யவில்லை என்றால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

வீட்டுக் கடன் கொடுப்பவர் மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில்லை. சம்பளத்தில் எவ்வளவு ஏற்கெனவே கடனுக்குப் போகிறது என்று பார்ப்பார். கார்டில் நிலுவை இருந்தால் அதில் 5 சதவீதத்தை மாதச் சுமையாகக் கழிக்கும் வங்கிகளும் உண்டு. நகையை மீட்டுவிட்ட 38,000 சம்பளக்காரர், நகையை அடகில் வைத்து கார்டும் வைத்திருக்கும் 38,000 சம்பளக்காரரைவிடக் கடன் கொடுப்பவருக்கு உகந்த ஆள்.

ஐந்து மாதத்தில் ஸ்கூட்டர் லோன் முடிகிறது. அந்த 3,800 ரூபாய் கணக்கில் சும்மா நின்றால் கரைந்துவிடும். லோன் முடிந்த அடுத்த மாதத்திலிருந்தே அதை நகைக் கடன் அசலில் கட்டுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக அசல் கட்ட முடியும், கிளையில் கேட்டால் செய்து தருவார்கள். பன்னிரண்டு மாதத்தில் 45,600 போய்விடும். மிச்சத்துக்குத் தீபாவளி போனஸ். திருப்பூரில் இருக்கிறீர்கள், அந்தப் பணம் எப்படிக் காணாமல் போகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புடவைக் கடைக்கு முன்பே வங்கிக்குப் போய்விடுங்கள். வீட்டுக் கடனுக்கு நீங்கள் சொன்ன கெடுவுக்கு முன்பே நகை கைக்கு வந்துவிடும்.

அதன் பிறகு, ஒரு மாதச் சம்பளம் அளவுக்குப் பணம் கணக்கில் தொடாமல் நிற்கிறது என்ற நிலை வந்தால், அப்போது இதே சம்பள வங்கியின் கார்டை வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சமயம் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்க ஓரிரு மாதம்தான் இருக்கிறது என்றால் அதையும் தள்ளிப் போடுங்கள், கடன் கைக்கு வந்த பிறகு பார்க்கலாம். வாங்கும்போது லிமிட்டை 40,000 ஆகக் குறைத்துத் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். பின்னால் உங்கள் சம்மதம் இல்லாமல் அதை அவர்கள் கூட்டக் கூடாது. ‘கார்டின் மேல் ப்ரீ-அப்ரூவ்டு லோன்’ என்று அடுத்த சலுகை கட்டாயம் வரும், அதற்கும் இதே பதில்தான். மின்கட்டணம், பெட்ரோல், ரீசார்ஜ் இவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எப்படியும் செலவாகும் பணம் அது. பிடிக்கவில்லை என்றால் பாக்கியைக் கட்டிவிட்டு மூடச் சொல்லுங்கள். ஏழு வேலை நாளுக்குள் மூடவில்லை என்றால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

ஆட்டோ-பே வைக்கும்போது மட்டும் கவனம். ‘முழுத் தொகை’, ‘குறைந்தபட்சத் தொகை’ என்று இரண்டு தெரிவுகள் வரும். எது தேர்வாகியிருக்கிறது என்று பார்த்து, முழுத் தொகையை வைத்துவிட்டு, முதல் பில்லில் எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று கணக்கில் ஒருமுறை சரிபாருங்கள்.